வராகசாமியின் கடைவாய்ப்பல்லும் ஒரே பொந்துத் திட்டமும்

ஒரு காட்டில் மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை, நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வதில்தான் கொஞ்சம் சிரமம் இருந்தது. நடுவில் ஐந்து பொந்துகள் இருந்தன.

உடம்பு நன்றாக இருக்கும் காலத்தில் ஒவ்வொரு மிருகமும் இந்த மரப்பொந்துகளில் ஏதாவது ஒன்றில் மாதந்தோறும் கிழங்கோ கொட்டையோ போட்டு வரவேண்டும். உடம்புக்கு வந்தால் பொந்துக்காரர் அதிலிருந்து எடுத்து மருத்துவருக்குக் கொடுப்பார். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். போடுகிற வாய் அகலமாகவும் எடுக்கிற வாய் குறுகலாகவும் இருந்ததைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காட்டுப்பூனையின் பொந்து, பகலில் வருகிற நோய்களை மட்டும் பார்த்துக்கொள்ளும். கீரியின் பொந்தில் பாம்புக்கடிக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. கடித்த பாம்பு நேரில் வந்து ஒப்புக்கொண்டால் போதும். நரி சம்பந்தத்தின் பொந்துதான் இருப்பதிலேயே பெரியது. அது தலை முதல் வால் வரை எல்லா நோயையும் பார்த்துக்கொள்ளும். சேர்வதற்கு முன்பே உடம்பில் இருந்தவற்றுக்கு மட்டும் பொறுப்பில்லை.

வராகசாமி என்கிற காட்டுப்பன்றி அந்த நரிப் பொந்தில்தான் வருஷக்கணக்காகக் கிழங்கு போட்டு வந்தது. ஒரு கோடையில் அதற்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பொந்துக்குப் போனது. நரி எழுந்து நின்று வரவேற்றது. வரவேற்பில் எப்போதும் குறை வைக்காது.

"வாங்கண்ணே. பல்லா? அடடா. அந்தப் பல்லு எப்ப முளைச்சது?"

"சின்ன வயசுல."

"நம்ம பொந்துல எப்ப சேர்ந்தீங்க?"

"கல்யாணத்துக்கு அப்புறம்."

"பாத்தீங்களா. அப்ப பல்லு முன்னாடியே இருந்திருக்கு. ஏற்கெனவே இருந்ததுக்கு நாங்க எப்படிண்ணே பொறுப்பாக முடியும்? சேர்ந்த பிறகு முளைச்ச பல்லா இருந்தா தாராளமாச் செஞ்சிருப்பேன். அப்படி ஏதாவது முளைச்சா கண்டிப்பா வாங்க."

வராகசாமி வலியோடு போய் வலியோடு திரும்பியது. போன வேலைக்கு அடையாளமாக, கொண்டுபோன அந்த மாதக் கிழங்கை மட்டும் மறக்காமல் போட்டுவிட்டு வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காட்டில் தேர்தல் வந்தது. கரடி ஒரே ஒரு வாக்குறுதியோடு நின்றது. ஐந்து பொந்தையும் மூடுவோம். எல்லோரும் ஒரே பொந்தில் போடுவோம். யாருக்கு என்ன வந்தாலும் அந்த ஒரே பொந்து கொடுக்கும். மருத்துவர் ஐந்து கதவைத் தட்ட வேண்டாம். நோயாளி ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். கரடி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஜெயித்தவர் வாக்குறுதியை மறந்துபோவதுதான் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். கரடி மறக்கவில்லை. சிக்கலே அதனால்தான் வந்தது.

பதவியேற்ற கையோடு, ஐந்து பொந்திலிருந்து ஒரே பொந்துக்கு மாறுவதற்காகக் கரடி ஒரு மாறுகாலத் திட்டக் குழுவை அமைத்தது. அந்தக் காட்டில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. எதை ஒழிக்கப் போகிறோமோ, அதை வைத்துப் பிழைப்பவர்களிடமே ஒழிப்பது எப்படி என்று யோசனை கேட்பார்கள். நாளைக்கு யாரும் வருத்தப்படக் கூடாது பாருங்கள். ஆகவே குழுவில் ஐந்து பொந்துக்காரர்களும் உறுப்பினர்கள். செயலர் பதவிக்குக் கொக்கு. பெயருக்கு ஒரு நோயாளி வேண்டும் என்று கடைசியில் யாரோ சொன்னார்கள்.

"வராகசாமி தம்பியைப் போடுங்கய்யா. அது கத்துறது மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது" என்றது மரகதம் என்கிற மான். அதற்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் நிற்பது புதரா புலியா என்று வாசனை பிடித்துத்தான் தெரிந்துகொள்ளும். அதன் பொந்து காட்டுப்பூனையுடையது. புரை ராத்திரியிலும் இருப்பதால் அது பகல்நோய்க் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லோரும் வராகசாமியை ஏற்றுக்கொண்டார்கள். நரிதான் முதலில் கை தட்டியது. தட்டி முடித்துவிட்டு மெல்லக் கேட்டது:

"ஒரே ஒரு விஷயம்ங்கய்யா. நோயாளி உறுப்பினர் நடுவுல குணமாயிட்டா? குணமான ஆளுக்கு நோயாளியோட கஷ்டம் எப்படித் தெரியும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. உடனே ஒரு விதி எழுதினார்கள். நோயாளி உறுப்பினர் குழு முடியும்வரை நோயாளியாகவே இருக்க வேண்டும். குணமானால், குணமான நாளிலிருந்து குழு எடுத்த முடிவு எதுவும் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. கொக்கு விதியை வாசித்ததும் கூட்டம் ஆரவாரம் செய்தது. எல்லோரையும்விடப் பலமாக ஆரவாரம் செய்தது வராகசாமி. கத்தியதில் பல் இன்னும் கொஞ்சம் வலித்தது.

பல் மருத்துவர், மரங்கொத்தி கனகவல்லி. காலையில் பல்லைத் தட்டும், மத்தியானத்துக்கு மேல் தனக்கு வரவேண்டியதைக் கேட்டுப் பொந்துகளைத் தட்டும். அதன் அலகு தேய்ந்தது இரண்டாவது வேலையில்தான். வராகசாமியின் வாய்க்குள் தலையை விட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"இது போயிடுச்சு. மழை பிடிக்கறதுக்குள்ள எடுத்தாகணும். இல்லேன்னா சீழ் தாடைக்குள்ள இறங்கிக் கொம்பையும் தள்ளிடும்."

 வாயோரத்தில் நீண்டிருக்கிற அந்தக் கொம்பு போனால் கிழங்கு தோண்ட முடியாது. கிழங்கு தோண்ட முடியாத பன்றியைக் காட்டில் யாரும் மதிப்பதில்லை. சிறுத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக மதிக்கும்.

"அப்ப இப்பவே எடுத்துடுங்க டாக்டர்."

"எடுக்கறேன். யார் கொடுப்பா?"

வராகசாமி யோசித்தது. அப்போது மாறுகாலம் நடந்துகொண்டிருந்தது. மாறுகாலத்தில் பழைய பொந்துகள் எதுவும் கொடுக்காது, ஏனென்றால் மூடப் போகிறார்கள். ஒரே பொந்தும் கொடுக்காது, ஏனென்றால் இன்னும் திறக்கவில்லை. போடுவது மட்டும் வழக்கம்போல் நடக்கும், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

"சும்மா எடுத்துவிடக் கூடாதா டாக்டர்? பிறகு பாத்துக்கலாம்."

"நான் சும்மா எடுத்தேன்னா என்னையும் ஒரு பொந்துன்னுடுவாங்க. அஞ்சை ஒண்ணாக்கக் கிளம்பினவங்க ஆறாக்கிட்டாங்கன்னு மைனாப் பத்திரிகையில போடுவான். அது கூடப் பரவாயில்லை. நீங்க குணமாயிட்டீங்கன்னா குழுவே செல்லாதே? அந்தப் பழியை நான் சுமக்கணுமா? கொஞ்சம் கிராம்பு வச்சுக்கிட்டுப் போங்க."

வராகசாமி கிராம்பை வைத்துக்கொண்டு குழுவுக்குப் போனது.

குழுவில் அதற்கென்று ஒரு வழவழப்பான கல் போட்டிருந்தார்கள். அதுவரை அது உட்கார்ந்ததெல்லாம் சேற்றில்தான். கல்லில் உட்கார்ந்தால் உடம்பு தானாக நிமிர்கிறது என்பது அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது. மைனாப் பத்திரிகை "வராகசாமியின் பல்: இன்றைய நிலவரம்" என்று தினமும் ஒரு பத்தி போட ஆரம்பித்தது. வீக்கம் கூடினால் முதல் பக்கம், குறைந்தால் உள்பக்கம். நோயாளிகள் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கால் ஒடிந்த முயல் நொண்டிக்கொண்டே வந்து, "அண்ணே, உங்க பல்லைத்தான் நம்பியிருக்கோம். பத்திரமாப் பாத்துக்குங்க" என்றது. அந்தப் பழங்களை மெல்ல முடியவில்லை என்பதுதான் வராகசாமியின் வருத்தம்.

அதன் பெண்டாட்டி மூக்காயிக்கு இந்தப் பெருமையெல்லாம் புரியவில்லை.

"கல்லுல உக்காந்துட்டு வர்ற மூஞ்சியைப் பாரு. பல்லு என்னாச்சு?"

"நிலுவையில இருக்கு."

"பல்லா?"

"தீர்மானம்."

"ராத்திரி பூரா தூங்கவிடாம முனகுனது தீர்மானமா, நீயா?"

குழு கூடிக்கொண்டேயிருந்தது. பொந்தின் வாய் கிழக்கே பார்க்க வேண்டுமா, கரடியின் குகையைப் பார்க்க வேண்டுமா என்று பேசினார்கள். அணிலும் யானையும் ஒரே அளவு போட வேண்டும் என்றால் அணில் செத்துப்போகும். உடம்புக்குத் தக்கபடி போட வேண்டும் என்றால் யானைக்குக் கோபம் வரும். இதைப் பேச ஒரு துணைக் குழு போட்டார்கள். அதிலும் யானை வரவில்லை, அணிலைக் கூப்பிடவில்லை.

பெரிய முட்டுக்கட்டை வெளியே இருந்தது. இந்தக் காடு தனிக்காடு அல்ல. இதைப்போல் பல காடுகளைச் சேர்த்து ஆளுகிற பெருங்காடு ஒன்று மலைக்கு அப்பால் இருந்தது. வயதான மிருகங்களின் வைத்தியத்துக்கு ஒரு பங்கு கொட்டை அங்கேயிருந்துதான் வரும். அந்தப் பங்கையும் ஒரே பொந்தில் போட்டால்தான் திட்டம் நிற்கும். அதற்குப் பெருங்காட்டின் அனுமதி வேண்டும். கொக்கு எழுதிக் கேட்டது. திட்டம் ஓடுகிறது என்று காட்டினால் அனுமதி தருவதாகப் பதில் வந்தது. அனுமதி வந்தால் திட்டம் ஓடும் என்று கொக்கு திருப்பி எழுதியது. இரண்டு தரப்பும் மரியாதையாக எழுதிக்கொண்டதால் புறாக்கள் இளைத்தனவே தவிர வேறு சேதமில்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் வராகசாமி எழுந்து, "பல்லு உசிரு போகுதுய்யா, சீக்கிரம் முடிங்கய்யா" என்று கத்தும். "உறுப்பினர் தம் கருத்தைத் தெரிவித்தார்" என்று கொக்கு எழுதிக்கொள்ளும். நரி முந்திக்கொண்டு தண்ணீர் கொடுக்கும்.

மேற்கே மேகம் திரண்டது. வராகசாமியின் முகம் ஒரு பக்கம் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டது. கொம்பு லேசாக ஆடுவது போலக்கூட இருந்தது. மூக்காயி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் ஒரு கொடியை அறுத்துக்கொண்டு வந்தது.

"வாயைத் திற."

"என்ன பண்ணப் போறே?"

"மருந்து கட்டப் போறேன். திறன்னா."

கொடியின் ஒரு முனையைப் பல்லில் கட்டியது. மறுமுனையைத் தேக்குமரத்தில் கட்டியது. முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு அடி தள்ளி வந்து, வராகசாமியின் பின்பக்கம் எதையோ பார்த்த மாதிரி கண்ணை விரித்து, "சிறுத்தை!" என்று அலறியது.

வராகசாமி ஓடியது. பல் ஓடவில்லை.

ஓடை வரைக்கும் ஓடிப்போய் நின்ற பிறகுதான், பின்னால் சிறுத்தை இல்லை என்பதும் வாயில் வலி இல்லை என்பதும் அதற்கு ஒன்றாக உறைத்தன. வாய் நிறைய ஓடைத்தண்ணீரைக் குடித்தது. திரும்பி வந்து மூக்காயியை ஒரு வார்த்தை திட்டாமல் கிழங்கு தின்றது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று தின்றது. அந்தச் சந்தோஷத்தில் மூக்காயி செய்த அடுத்த காரியத்தை அது கவனிக்கவில்லை.

விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால் நல்ல பல் முளைக்கும் என்பது அந்தக் காட்டு நம்பிக்கை. அது பால்பல்லுக்குத்தான். ஆனாலும் எறிந்து வைப்போம், முளைத்தால் லாபம்தானே என்று மூக்காயி நினைத்தது. காட்டெருமைச் சாணியை உருட்டிப் பல்லை உள்ளே வைத்துவிட்டது. ஆனால் புதரில் குடியிருக்கிற பன்றிக்குக் கூரை ஏது? அக்கம்பக்கத்தில் கூரை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வரிசையில் நிற்பவர்கள் வெயிலில் வாடக் கூடாது என்று நரி தன் பொந்துக்கு முன்னால் போட்டிருந்த ஓலைப்பந்தல்.

மூக்காயி குறி பார்த்து எறிந்தது. குறி தப்பவில்லை.

கிழங்கு தின்று முடித்து ஏப்பம் விட்டபோதுதான் வராகசாமிக்கு விதி ஞாபகம் வந்தது. குணமான நாளிலிருந்து எதுவும் செல்லாது.

"அடிப்பாவி, குழு போச்சே!"

"குழு போனா என்ன, கொம்பு இருக்கில்ல?"

"மரகதம் அக்காவுக்குக் கண்ணு வரணும். முயலுக்குக் காலு வரணும். எல்லாம் என் பல்லுமேல நிக்குது. முதல்லேருந்து ஆரம்பிச்சா அந்தக்கா உசிரோட இருக்குமா?"

 மூக்காயி எழுந்து போய் ஒரு விளாங்காயைப் பொறுக்கி வந்து நீட்டியது. "கன்னத்துல அடக்கிக்க. முனகுறதுதான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே."

விளாங்காயோடு வராகசாமி குழுவுக்குப் போனது. முன்பு நிஜமாக வலித்தபோது நம்பாதவர்கள்கூட இப்போது நம்பினார்கள். பேச்சு குழறியது, எச்சில் வடிந்தது. மைனாப் பத்திரிகை "நிலைமை கவலைக்கிடம்" என்று தலைப்புப் போட்டது.

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் நரி சேர்ந்து நடந்தது.

"அண்ணே, பல்லு விழுந்தா கூரைமேல போடறது நம்ம ஆளுங்க பழக்கம். நல்ல பழக்கம். விட்டுறாதீங்க."

வராகசாமியின் வாயிலிருந்து விளாங்காய் விழுந்து உருண்டது. நரி குனிந்து எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தது.

"பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. பல்லைப் பத்திரமா வச்சிருக்கேன், அவ்வளவுதான். நீங்க பெரிசா ஒண்ணும் செய்ய வேண்டாம். கூட்டத்துக்கு ஒரு சந்தேகம் கேளுங்க. ஒண்ணே ஒண்ணு. நோயாளியே கேக்குறாருன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கில்ல?"

அடுத்த கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாம் முடிவாகிவிட்ட நிலையில் வராகசாமி எழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாம் சரிங்க. கறையானைக் கேட்டமா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொந்து என்றால் மரம், மரம் என்றால் கறையான். கேட்கத்தான் இல்லை. கறையான்களைக் கேட்கப் போனார்கள். கறையான்கள் கோடிக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேச விரும்பியது. அது முடிவதற்குள் வராகசாமி வௌவாலைப் பற்றிக் கேட்டது. அது பறவைப் பட்டியலில் போடுமா, மிருகப் பட்டியலில் போடுமா? அதற்கு அடுத்த கூட்டத்தில், பக்கத்துக் காட்டிலிருந்து மேய வருகிறவர்களுக்கு இங்கே தும்மல் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டது. யோசித்துப் பார்த்தால் எல்லாமே நல்ல கேள்விகள்தான். தனக்குள் இவ்வளவு கேள்விகள் இருந்தது வராகசாமிக்கே வியப்பாக இருந்தது. கல்லில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மரகதம் மட்டும் தினமும் காலையில் தட்டுத் தடுமாறிப் புதருக்கு வந்துவிடும். மூக்கால் அதன் கன்னத்தைத் தடவிப் பார்க்கும்.

"இன்னும் வீங்கித்தான் இருக்கு. எங்களுக்காகத்தானே தம்பி இத்தனையும் பொறுத்துக்கிட்டு இருக்கே. உன் கேள்வியெல்லாம் பத்திரிகையில படிச்சுக் காட்டினாங்க. திட்டம் நல்லபடியா வரணும்னு எவ்வளவு யோசிக்கிறே!"

விளாங்காய் நெருஞ்சி முள்ளாக வராகசாமியைக் குத்தும். ஏதோ சொல்லப் பார்க்கும். சொன்னாலும் குழறும்.

இப்படியே இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டியிருக்கலாம். அதற்குள் பெருங்காட்டிலிருந்து அனுமதி வந்துவிட்டது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே இந்த வேலையைப் பார்த்துவந்த யானை மாற்றலாகிப் போகும்போது, மேசையில் கிடந்த எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் காலால் முத்திரை குத்திவிட்டுப் போனதாகப் பின்னால் சொன்னார்கள்.

கரடி காத்திருக்கவில்லை. வருகிற பௌர்ணமியன்று காலை திறப்பு விழா. மேடை போட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் ஒரே பொந்திலிருந்து முதல் வைத்தியம். முதல் நோயாளி யார் என்பதில் கரடிக்குச் சந்தேகமே இல்லை. "நமக்காகப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்ட வராகசாமி" என்று அறிவித்தது.

வராகசாமி நரியிடம் ஓடியது.

"சம்பந்தம், அந்தப் பல்லைக் குடுத்துடு."

"தர்றேண்ணே. மேடையிலயே தர்றேன். நீங்க வாயைத் திறப்பீங்க, காலி இடம் தெரியும். நான் பல்லோட எழுந்திரிப்பேன். எந்த விதிப்படி என்னாகும்னு கொக்கு வாசிக்கும். மறுபடி முதல்லேருந்து. உங்களுக்கு என்னண்ணே நஷ்டம்? அடுத்த குழுவுக்கும் ஒரு நோயாளி வேணுமே. அதே கல்லு, அதே இடம். நான் சொல்லி வைக்கிறேன்."

வராகசாமி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கல்லை நினைத்தது. அதன் வழவழப்பையும் நினைத்தது. நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

பௌர்ணமியன்று காலை காடே கூடிவிட்டது. ஒரே பொந்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே நோயாளிகளின் வரிசை ஓடை வரைக்கும் நின்றது. கிளி டோக்கன் எண்களைக் கூவிப் பழகிக்கொண்டிருந்தது. வரிசையில் முதலில் மரகதம். டோக்கன் இலையை வாயில் கவ்விக்கொண்டு, மேடை இருக்கும் பக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

வராகசாமி மேடையேறும்போது அதைப் பார்த்தது. முன்வரிசையில் நரி மடியில் சாணி உருண்டையோடு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தது.

கனகவல்லி அலகைத் துடைத்துக்கொண்டு வந்தது. வராகசாமியின் கன்னத்திலிருந்த விளாங்காயை மூக்காயி காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. வராகசாமி வாயைத் திறந்தது. மருத்துவர் தலையை உள்ளே விட்டது. உள்ளே அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தது.

"பல்லைக் காணோமே" என்றது வாய்க்குள்ளிருந்து.

"மெல்ல டாக்டர்."

"யார் எடுத்தது?"

"வீட்டுல."

"கைவேலை நல்லாத்தான் இருக்கு. இப்ப நான் எதை எடுக்க?"

வராகசாமி கண்ணை மூடிக்கொண்டது. "பக்கத்துப் பல்லை எடுங்க."

"அது கல்லு மாதிரி நிக்குது."

"எடுங்க."

"செத்துப் பொழைப்பீங்க."

"இத்தனை நாள் வலிக்குதுன்னு பொய் சொன்னேன். ஒரு நாளாவது வலிக்கட்டும்."

கனகவல்லி கொத்த ஆரம்பித்தது. நல்ல பல் லேசில் வருமா? கொத்தியது, நெம்பியது, காலை மூக்கில் ஊன்றி இழுத்தது. வராகசாமியின் அலறலில் மாலையிலிருந்த பூ உதிர்ந்தது. "பாவம், எவ்வளவு கெட்டுப்போயிருந்தா இப்படி வலிக்கும்!" என்று கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மூக்காயி மட்டும் நிஜமாகவே அழுதது. அதற்கு மட்டும்தான் கணக்குத் தெரியும்.

கடைசியில் பல் வந்தது. கொக்கு அதை வாங்கி வெயிலில் தூக்கிக் காட்டியது. பல் முத்துப்போல் பளபளத்தது.

"சொத்தைப் பல்லு இவ்வளவு வெள்ளையா இருக்குமா?" என்றது பின்வரிசையில் ஒரு குரங்கு.

கொக்கு இமைக்கவில்லை. "ஒரே பொந்துத் திட்டத்தில் எடுக்கப்படும் பற்கள் இந்தத் தரத்தில்தான் இருக்கும்" என்றது. கை தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

நரி எழுந்தது. சாணியை உடைத்து உள்ளிருந்த கறுத்த பல்லை எடுத்து நீட்டியது. "ஐயா, உண்மையான பல்லு இது! எப்பவோ விழுந்துடுச்சு. அன்னையிலேருந்து குழு செல்லாது!"

கொக்கு அந்தப் பல்லைப் பார்த்தது. வராகசாமியின் வாயைப் பார்த்தது. கொக்குக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கறையான்களின் கருத்துகளை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும் என்பதும் புரிந்தது.

"அசல் மேடையில் இருக்கிறது" என்றது கொக்கு. "உங்கள் கையில் இருப்பது நகல். நகல்களை அலுவலக நேரத்தில் கொண்டுவந்து கொடுங்கள். அடுத்த டோக்கன்!"

கிளி கூவியது. மரகதம் மேடையேறியது.

திட்டம் நன்றாகவே நடந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். முயலின் கால் கூடியது. பொந்துகளைத் தட்டுகிற வேலை போனதால் கனகவல்லிக்கு அலகு வளர்ந்தது. ஒரே பொந்தைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். பொந்து நடத்திய அனுபவம் பழைய பொந்துக்காரர்களுக்குத்தான் இருந்தது, அதிலும் நரிக்குத்தான் அதிகம். சம்பந்தம் பொறுப்பேற்றுக்கொண்டு, வருகிறவர்களை எழுந்து நின்று வரவேற்கிறது. வரவேற்பில் இப்போதும் குறை வைப்பதில்லை.

மீன்கொத்தி மருத்துவர் மரகதத்தின் கண்ணிலிருந்து கட்டை அவிழ்த்த அன்று, அது முதலில் வராகசாமியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. வராகசாமி வந்து நின்று சிரித்தது. மரகதம் உற்றுப் பார்த்தது.

"ஏன் தம்பி, உனக்கு ஒரு பல்லுதானே போச்சுன்னு சொன்னாங்க? ரெண்டு இடம் காலியா இருக்கே?"

"ஒண்ணு என்னுதுக்கா" என்றது வராகசாமி. "இன்னொண்ணு திட்டத்துது."

நீதி: கெட்ட பல்லை வீட்டிலேயே பிடுங்கிக்கொள்ளலாம். நல்ல பல்லைப் பிடுங்குவதற்குத்தான் அரசாங்கம் வேண்டும்.